அறைக்கு வெளியே கவுன்சிலிங்: புதுச்சேரி, கடலூர் பக்கம் திறந்த வெளியில் ஆலோசனை நடத்த முழு வழிகாட்டி

"மேடம், இந்த ரூம்ல மூச்சு முட்டுது. பீச்ல நடந்துக்கிட்டே பேசலாமா?" புதுச்சேரியில் மனநல ஆலோசனை செய்பவர் யாரானாலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். கடல் பத்து நிமிட தூரத்தில் இருக்கும்போது டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பேசுவானேன் என்று கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த அறை சும்மா இருக்கவில்லை. பேசுவது வெளியே கேட்காமல் பார்த்துக்கொள்கிறது. கடிகாரம் நேரம் முடிந்ததைச் சொல்கிறது. எதிரெதிரே கிடக்கும் நாற்காலிகள் யார் ஆலோசகர், யார் உதவி கேட்டு வந்தவர் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளியே வந்த நிமிடத்தில் இந்த வேலைகளைச் செய்ய ஆளில்லை. அவற்றை இருவரும் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொண்டால் திறந்த வெளி நல்ல பலன் தருகிறது. செய்யாவிட்டால் மிஞ்சுவது கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் வாக்கிங்தான். அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆலோசகர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், ஆலோசனைக்குப் போகிறவர்களும் படிக்கலாம். உங்கள் ஆலோசகரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரியும்.

தொடங்கும் முன்: உறவில் என்னதான் மாறுகிறது?

இது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. 1910-இல் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரை உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் சந்தித்தது எந்த அறையிலும் அல்ல. நெதர்லாந்தின் லைடன் ஊர்த் தெருக்களில் சில மணி நேரம் நடந்தபடியே பேசினார்கள். 1970-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ததேயுஸ் கொஸ்ட்ருபாலா நோயாளிகளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே சிகிச்சை தந்தார். 2020-இல் கொரோனா அறைகளைப் பூட்டியபோது பிரிட்டிஷ் உளவியல் சங்கம் வெளியிடத்தில் பேச்சுச் சிகிச்சை நடத்துவதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் ஊரிலும் பலர் மாஸ்க் போட்டுக்கொண்டு பூங்கா பெஞ்சில் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவை உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பு. வெளியே போனால் மூன்றாவது சீக்கிரம் வளர்கிறது, முதல் இரண்டும் மெல்ல நழுவுகின்றன. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் கீழே சொல்லும் படிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

பிணைப்பு ஏன் சீக்கிரம் வளர்கிறது? பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை. வெட்கப்படும் விஷயங்களை, அதுவும் ஆண்கள், கடலைப் பார்த்துக்கொண்டு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அறையில் அரை நிமிட மௌனமே கனக்கும். நடக்கும்போது மூன்று நிமிடம் பேசாமல் வந்தாலும் யாருக்கும் உறுத்தாது. அப்புறம் அறை ஆலோசகருடையது. அவர் மேஜை, அவர் சான்றிதழ், அவர் போட்ட ஃபேன் வேகம். கடற்கரை யாருடையதும் இல்லை. சில சமயம் அது வருபவருடையது. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரோடு மணலில் நடந்து பாருங்கள். இது வாடைக்காற்று, இது கச்சான், இன்றைக்குப் படகு இறங்காது என்று அவர் சொல்லிக்கொண்டு வருவார். நீங்கள் கேட்டுக்கொள்ளும் மாணவர் ஆகிவிடுவீர்கள். அறையில் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்த அதே மனிதர்!

இதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. காற்றைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசிவிட்டு, வீட்டில் நடப்பதைத் தொடாமலே போய்விட முடியும். "கடலைப் பத்தி இவ்வளவு சொன்னீங்க. வீட்டுக்குள்ள காத்து எப்படி அடிக்குது?" என்று திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு ஆலோசகருடையது.

கடல் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடப்பது புதிய யோசனைகளைத் தூண்டுகிறது என்று 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனை காட்டியது. ஆனால் அங்கே வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. சிலருக்கு வேண்டியது கடலே இல்லை, கொஞ்சம் நடைதான்.

படி 1: யாரை வெளியே அழைத்துப் போகக் கூடாது

இதை முதலில் முடிவு செய்யுங்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர், நிஜம் எது பிரமை எது என்று குழம்பும் நிலையில் இருப்பவர், போதையில் வந்திருப்பவர் ஆகியோருடன் கடலோரத்துக்கோ ஏரிக்கரைக்கோ போவது அபாயம். அவர்களுக்கு அறையும், மனநல மருத்துவரும், தேவைப்பட்டால் மருத்துவமனையும்தான் பாதுகாப்பு. இரவு நேரத்தில் அவசரம் என்றால் அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ எல்லாருக்கும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதில் தமிழிலும் பேசலாம்.

மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். பல ஆலோசகர்கள் விடும் இடம் இது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவருக்கு வியர்த்து நீர்ச்சத்து குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். மனச்சிதைவுக்குத் தரும் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வெயில் பட்டால் தோலைச் சிவக்கவைக்கும். கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். கத்திரி வெயிலில் இவர்களை நடக்கவைத்துவிட்டு "இயற்கை சிகிச்சை" என்று சொல்லிக்கொள்வது அநியாயம். சந்தேகம் இருந்தால் மருந்து எழுதிய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, இந்தக் கரைக்கே உரியது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நேரில் பார்த்தவர்களும், அன்று வீட்டில் ஒருவரையாவது இழந்தவர்களும் கடலூரிலும் காரைக்காலிலும் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்கு அமைதி தரும் அலைச்சத்தம் அவர்களுக்கு வேறு ஏதோ ஒன்றாகக் கேட்கலாம். கரையைவிட்டு உள்ளே போனாலும் இதே கதைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தத் தோப்புகளை நம்பியிருந்த குடும்பத்துக்காரருக்கு மரங்கள் நடுவே காற்று எழும்பும் மாலை சாதாரண மாலை அல்ல. அதனால் "பீச் பிடிக்குமா?" என்று கேட்டால் போதாது. "கடலோடு உங்களுக்கு என்ன பழக்கம்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் அதுவே ஒரு தகவல்.

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சிகிச்சைக்காகவே சிலரைத் திட்டமிட்டுக் கடற்கரைக்கு அழைத்துப் போவது உண்டு. அது தனி முறை. அதில் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது.

படி 2: முதல் சந்திப்புகள் அறையிலேயே

நேராகப் பூங்காவில் தொடங்காதீர்கள். வருபவரின் கதை, குடும்பம், உடல்நிலை எல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியவை. அதோடு, அறைக்குள் ஒரு முறையாவது பழகியிருந்தால்தான் வெளியே போனதும் எது மாறியது என்று இருவருக்கும் தெரியும். வெளியே போகும் யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசகருக்கே அறை சலித்துப்போய் வந்த யோசனை என்றால் விட்டுவிடுவது நல்லது.

படி 3: இடம் பார்ப்பது

இதற்கு அவசரம் கூடாது. நீங்கள் தனியாகப் போய், செஷன் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் நடந்து பாருங்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் கிடையாது, தரை சமம், காசு வேண்டாம், பணக்காரர் ஏழை யாரும் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. இது பெரிய வசதி. மாலையில் கூட்டம் நெருக்கும். அலைச்சத்தமும் ஆள்சத்தமும் சேர்ந்து அடுத்தவர் காதில் உங்கள் பேச்சு விழாமல் காக்கும். ஆனால் மெல்லப் பேசுகிறவர் சொல்வது உங்களுக்கும் கேட்காது. விடியற்காலை அமைதி. ஆனால் தினமும் நடக்க வரும் அதே முகங்கள். நம் கரை கிழக்குப் பார்த்தது, ஏழு மணிக்கெல்லாம் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் ஆட்களை இந்தச் சாலைக்கு அழைக்காதீர்கள். அவர்களுக்கு இது வீட்டு வாசல்.

நாள்காட்டியையும் பாருங்கள். ஜூலை 14 (பிரெஞ்சு தேசிய நாள்), ஆகஸ்ட் 15, நவம்பர் 1 (புதுச்சேரி விடுதலை நாள்) போன்ற நாட்களில் கடற்கரைச் சாலை விழாக் களமாகிவிடும். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் வரும்போது அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.

1826-இல் உருவான தாவரவியல் பூங்காவில் பெரிய மரங்களும் நிழலும் உண்டு. கடல் வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாரதி பூங்கா ஊர் நடுவில், சட்டப்பேரவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பேச நல்ல பெஞ்சுகள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஊசுட்டேரியில் குளிர்காலத்தில் பறவைகள் வந்து இறங்கும் காட்சிக்காகவே போகலாம். ஆனால் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் கிடைக்காது. ஆரோவில்லின் செம்மண் பாதைகளைப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், பொதுப் பூங்கா என்று நினைத்துக் கண்ட பாதையில் நுழையக் கூடாது.

கடலூரில் வெள்ளிக் கடற்கரை அகலமான மணல். வாரநாள் காலை அருமை, ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். மணலில் நடப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் என்பதையும் மறக்க வேண்டாம். சவுக்குத் தோப்புக்குள் போகாதீர்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஆளில்லாத தோப்பில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார், போலீஸ் வந்தால் என்ன கேட்பார் என்பதை உங்களைவிட வருபவர் நன்றாக அறிவார். அந்தப் பதற்றத்தோடு யாராலும் மனம் விட்டுப் பேச முடியாது. படகில் சுற்றும் பிச்சாவரம் அலையாத்திக் காடு எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் துடுப்பு போடும் படகுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவார். செஷனுக்கு ஒத்து வராது.

எங்கே போனாலும் மூன்று விஷயம் அருகில் இருக்க வேண்டும்: கழிப்பறை, உட்கார நிழல், அழுகை வந்தால் ஒதுங்க ஒரு மூலை. அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் அமைந்தால் இன்னும் நல்லது.

படி 4: பேசி எழுதிக்கொள்வது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருப்பது அவர் உரிமை என்கிறது. தெருவில் அந்த ரகசியத்தை நூறு சதவீதம் காக்க முடியாது. இதை மறைக்காமல் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், அறைக்குத் திரும்பலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

தெரிந்தவர் எதிரே வந்தால்? இது நடக்கும். புதுச்சேரி அவ்வளவு சின்ன ஊர். "தெரிஞ்சவங்க வந்தா நீங்க நின்னு பேசுங்க. நான் நாலடி தள்ளி கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என்னை யாருன்னு கேட்டா என்ன சொல்லணும்னு இப்பவே முடிவு பண்ணிக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் "தெரிஞ்சவங்க" என்ற ஒரு வார்த்தையே போதும், அதில் பொய்யும் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆலோசகரைத் தெரிந்தவர் வந்தால், பக்கத்தில் நடப்பவர் யாரென்று கேட்காமலே ஊகித்துவிடுவார். நீங்கள் இருபது வருடமாக ஊரில் இருக்கும் ஆலோசகர் என்றால் கடற்கரைச் சாலை உங்களுக்கான இடம் இல்லை. உங்கள் முகமே ஒரு பெயர்ப்பலகை.

ஆண் ஆலோசகர், இளம்பெண் என்றால் வெளிச்சமான, ஆள் நடமாட்டமுள்ள இடம் மட்டும். அதுவும் அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். சங்கடம் தெரிந்தால் பெண் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெற்றோர் கண்ணில் படும் தூரத்தில், காதில் விழாத தூரத்தில் இருக்கட்டும்.

டீ, சுண்டல் விஷயம் அற்பமாகத் தோன்றும். நம் ஊரில் பக்கத்தில் நடப்பவருக்கு ஒரு டீ வாங்கித் தராமல் இருப்பது மரியாதைக் குறைவு. வருபவர் கையைப் பையில் விடுவார், நீங்கள் தடுப்பீர்கள், அங்கே ஒரு சின்ன இழுபறி. அதன் பிறகு நீங்கள் ஆலோசகரும் இல்லை, விருந்தாளியும் இல்லை. செஷனுக்குள் சாப்பிடுவதும் குடிப்பதும் இல்லை, தண்ணீர் அவரவர் கொண்டுவருவது என்று முன்னமே வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கூப்பிடும் முறையும் இப்படித்தான் மாறும். அறையில் "மேடம்" என்றவர் இரண்டாவது நடையில் "அக்கா" என்பார். தடுக்க வேண்டாம், அது அன்பு. ஆனால் அக்காவிடம் கட்டணம் கொடுக்கக் கூச்சம் வரும், அக்கா மேல் கோபப்படவும் முடியாது. "அக்கான்னு கூப்பிடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மேல ஏதாவது வருத்தம்னா அப்பவும் சொல்வீங்கதானே?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மிச்சமுள்ளவை சுருக்கமாக. கட்டணம் அறையில் வாங்கும் அதே கட்டணம், ரொக்கமாகத் தெருவில் வாங்காதீர்கள், ஜிபேயில் பிறகு அனுப்பட்டும். போன் இருவருமே சைலண்ட். மழை வந்தால் அதே நேரம் அறையில் சந்திப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியே திட்டமே போடாமல் இருப்பது மேல். புயல் எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை. தண்ணீரில் கால் நனைப்பது, பாறைகள் மேல் ஏறுவது கூடாது.

படி 5: நடக்கும்போது

வேகம் வருபவருடையது. அவர் நின்றால் நில்லுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் நடங்கள். முதல் ஐந்து நிமிடம் ஊர்க்கதை வரும், வரட்டும். பிறகு "போன வாரம் எதைப் பத்திப் பேசறதா முடிவு பண்ணோம்?" என்று ஒரு வரி. நழுவுகிற அந்த இரண்டு உடன்பாடுகளையும் பிடித்து வைப்பது இந்த ஒரு வரிதான்.

முகத்தைப் பார்க்காமல் நடப்பதால் கண் கலங்கியது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். நடையைக் கவனியுங்கள், குரலைக் கவனியுங்கள். திடீரென்று வேகம் கூடினால் பேச்சு எங்கோ சுட்டிருக்கிறது. கனமான விஷயம் வெளிப்படத் தொடங்கினால் நடையை நிறுத்தி உட்காருங்கள். பழைய வன்முறை, இறப்பு போன்றவற்றை ஆழமாகத் தோண்டும் வேலையை நான் தெருவில் செய்ய மாட்டேன். "இது முக்கியம். இதை வர்ற வாரம் ரூம்ல உட்கார்ந்து முழுசாப் பேசலாம்" என்று சொல்லி வைப்பேன்.

முடிக்கும் இடத்தைத் தொடங்கும்போதே சொல்லுங்கள். காந்தி சிலையில் கிளம்பி, தெற்கே டூப்ளே சிலை வரை போய்த் திரும்பினால், திரும்பும் வழி முழுவதும் முடிவை நோக்கிய வழி என்று கால்களுக்கே தெரிந்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து பேச்சை இறக்கி வையுங்கள். பிறகு அங்கேயே பிரிந்துவிடுங்கள். "நானும் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் போறேன்" என்று கூடவே நடந்தால், மறந்தாற்போல விட்ட மிகப் பெரிய விஷயம் அந்த வழியில்தான் வெளியே வரும். கேட்க நேரமும் இருக்காது.

படி 6: பிறகு

குறிப்பு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நடந்தபடி எதையும் எழுதியிருக்க மாட்டீர்கள், கடற்காற்றில் கேட்டது வீடு போவதற்குள் பாதி கரையும். என்ன பேசினோம் என்பதோடு, யார் குறுக்கே வந்தார், எங்கே நின்றோம், எந்த இடத்தில் பேச்சு மாறியது என்பதையும் எழுதுங்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகு நேராகவே கேளுங்கள்: "வெளிய பேசறதுல எது சுலபமா இருக்கு, எதைச் சொல்ல முடியல?" இரண்டாவது பாதிக்கான பதில்தான் முக்கியம். வருபவர் மெலிதாகத் தயங்கினாலும் ஒரு செஷனை அறையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அறையில் சொல்வதும் வெளியே சொல்வதும் வேறு வேறாக இருந்தால், இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதில் தவறில்லை. மேற்பார்வை தரும் மூத்த ஆலோசகர் இருந்தால் வெளியே நடத்துவதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஆலோசனை முழுவதும் முடிந்த பிறகும் ஊர் அதே ஊர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குழந்தைகளோடு கடற்கரையில் நிற்பீர்கள், அவர் மனைவியோடு எதிரே வருவார். முதலில் சிரிப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் விடுங்கள், கடைசிச் சந்திப்பிலேயே இதைச் சொல்லியும் வையுங்கள். அவர் வணக்கம் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் அங்கே கேட்காதீர்கள். அவரே பேச்சை எடுத்தால், "போன் பண்ணி நேரம் வாங்கிக்கோங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.